அடுப்பு வைத்த வண்டி கொட்டகைக்குள் நின்றால்: ஸ்பிரிங்க்ளருக்கு அபாய வகை குறிப்பது எப்படி

கும்பகோணத்தில் இருந்துகொண்டு தீயணைப்புக் குழாய் அமைப்புகளுக்கு வரைபடம் போடுவது என் தொழில். ஓடாமல் கிடக்கும் அரிசி ஆலையை வாடகைக்கு எடுத்து, இரவில் உணவு வண்டிகளை அதற்குள் நிறுத்த விரும்புகிறவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டியை வெட்டவெளியில் விட யாருக்கும் மனம் வராது. வந்தவுடன் அவர்கள் கேட்பது, தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு (தெளிப்பானுக்கு) எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் கொட்டகையின் அபாய வகையை, அதாவது உள்ளே தீப்பிடித்தால் எவ்வளவு கடுமையாக எரியும் என்ற தரத்தை, முடிவு செய்தாக வேண்டும். தொட்டியின் கொள்ளளவு, பம்பின் திறன், குழாயின் விட்டம், தெளிப்பான்களின் இடைவெளி எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கின்றன. அதைக் குறைத்துப் போட்டுவிட்டுப் பிறகு பெரிய பம்ப் வாங்கிப் பயனில்லை. மெலிந்த குழாய் தண்ணீரை விடாது.

"வண்டி நிற்கத்தானே போகிறது தம்பி, அடுப்பா எரியப்போகிறது? கார் நிறுத்தும் இடம் என்று போட்டுவிடுங்கள்" என்பார்கள். சமையலறை இருப்பதால் உணவகம் என்று போடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டையும் நான் ஏற்பதில்லை. காரில் எண்ணெய் வாணலி கிடையாது. உணவகச் சமையலறைக்கு டீசல் டாங்கியும் டயரும் கிடையாது. அடுப்பு வைத்த வண்டியில் இவை எல்லாமே ஒரு தகரக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்க்ளர் வடிவமைப்புக்கு உலகம் முழுவதும் எடுத்தாளப்படும் அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 13, இடங்களை ஐந்தாகப் பிரிக்கிறது: இலகு அபாயம், சாதாரண அபாயம் பிரிவு 1, பிரிவு 2, மிகை அபாயம் பிரிவு 1, பிரிவு 2. உணவகத்தில் சாப்பிடும் கூடம் இலகு அபாயம். அதன் சமையல் பகுதி சாதாரண அபாயம் பிரிவு 1. கார் நிறுத்துமிடமும் நெடுங்காலம் பிரிவு 1-இல்தான் இருந்தது. 2022 பதிப்பில் பிரிவு 2-க்கு ஏற்றிவிட்டார்கள். இன்றைய கார்களில் பிளாஸ்டிக் மிகுந்துவிட்டது. ஒரு காரிலிருந்து அடுத்த காருக்குத் தீ தாவும் வேகமும் கூடிவிட்டது. 2017 டிசம்பர் 31 அன்று லிவர்பூல் நகரின் அடுக்குக் கார் நிறுத்தகத்தில் ஒரு காரில் பிடித்த தீ ஏறத்தாழ 1,400 வண்டிகளை எரித்தது. அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. ஆகவே, வெறும் காருக்கே பிரிவு 2 என்றான பிறகு, அடுப்பு வைத்த வண்டிக்கு அதற்குக் கீழே இறங்க எந்த நியாயமும் இல்லை.

நம் நாட்டில் ஸ்பிரிங்க்ளருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15105-உம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதியும் இருக்கின்றன. ஐ.எஸ். தரநிலையின் வகைப்பாடும் அடர்த்தியும் (ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு விழ வேண்டிய தண்ணீர்) வேறு கணக்கு. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து, எது கூடுதல் தண்ணீர் கேட்கிறதோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்டத் தீயணைப்பு அலுவலரிடம் போவது என் வழக்கம். குழாய் வாங்குவதற்கு முன்னால் போங்கள்.

வண்டிக்குள் ஏறிப் பாருங்கள்

வகைப்பாட்டை மேசையில் உட்கார்ந்து செய்ய முடியாது. கொட்டகைக்கு வரப்போகும் வண்டிகளில் இரண்டு மூன்றிலாவது ஏறிப் பார்க்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது பரிமாறும் ஜன்னலின் விளிம்பை. உள்ளே எவர்சில்வர் தகடு பளபளக்கும், வெளியே வண்ணத் தகடு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அந்த விளிம்பில்தான் தெரியும். மூலைப் பட்டையின் திருகு ஒன்றைக் கழற்றி, பட்டையை விரல் அளவுக்கு நெம்பி டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சளாகப் பஞ்சு போலத் தெரிந்தால் கண்ணாடி நாரிழை, அது எரியாது. வெள்ளை மணிகள் உதிர்ந்தால் தெர்மாகோல். இளமஞ்சளாகக் கெட்டிப்பட்ட நுரை என்றால் பாலியூரித்தேன். சில வண்டிகளில் ப்ளைவுட் பலகையே இருக்கும். தெர்மாகோலும் நுரையும் ப்ளைவுட்டும் எரிபொருள்தான். அதுவும் இரண்டு தகடுகளுக்கு நடுவில், எந்தத் தண்ணீரும் எட்டாத இடத்தில் இருக்கும் எரிபொருள். வண்டி கட்டிக்கொடுத்தவர் வாய்ச்சொல்லாகச் சொல்வதை நம்பாமல் இதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது எண்ணெய். இரவு கடை அடைத்த பிறகு வாணலி எண்ணெயை டின்னில் ஊற்றி மூடி எடுத்துப்போகிறார்களா, வாணலியிலேயே விட்டுவிடுகிறார்களா? அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட்டின் உட்புறத்தில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். பிசின் போல ஒட்டினால் அந்தப் படலமே எரியும். பிறகு ஜெனரேட்டர் டாங்கி, இன்வெர்ட்டர் பேட்டரி, காகிதக் கோப்பைக் கட்டுகள், பிளாஸ்டிக் நாற்காலிகள்.

மின்சாரத்தையும் விட்டுவிடாதீர்கள். வண்டியின் குளிர்பெட்டி இரவு முழுவதும் ஓட வேண்டும் என்பதால், கொட்டகைச் சுவரிலிருந்து நீண்ட வயர் இழுத்துச் சொருகியிருப்பார்கள். அடுப்பு அணைந்திருந்தாலும் தீப்பொறிக்கு வழி விழித்தே இருக்கிறது என்று பொருள். "அடுப்பா எரியப்போகிறது?" என்பவர்களிடம் நான் காட்டுவது அந்த வயரைத்தான்.

எரிவாயுவை வகைப்பாட்டுக்கு வெளியே தள்ளுங்கள்

எந்த அபாய வகையைப் போட்டாலும் ஸ்பிரிங்க்ளர் எரிவாயு வெடிப்பைத் தடுக்காது. தலைக்கு மேலே குழாய் இருப்பதால் சிலிண்டரைப் பற்றிய கவலை விட்டது என்று நினைப்பதுதான் இந்த வேலையில் மிகவும் ஆபத்தான எண்ணம். 2014 ஜூலை 1 அன்று பிலடெல்பியாவில் ஓர் உணவு வண்டியின் புரோப்பேன் சிலிண்டர் வெடித்துத் தாயும் மகளும் உயிரிழந்தார்கள். அது திறந்த தெருவில் நடந்தது. மூடிய கொட்டகையில் அந்த அழுத்தம் கூரையையும் குழாயையும் சேர்த்தே பெயர்த்துவிடும்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பழைய அரிசி ஆலைகளில் எலிவேட்டர் குழி இல்லாத ஆலை அரிது. நெல்லை மேலே ஏற்றும் வாளிச் சங்கிலி இறங்கும் அந்தக் குழி, ஆள் உயரத்துக்குக்கூட இருக்கும். இயந்திரத்தை விற்றுவிட்டு, குழியின் மேல் பலகையைப் போட்டு மூடியிருப்பார்கள். வண்டி நிறுத்தும் கொட்டகையில் அந்தக் குழி இருக்கக் கூடாது. மணலும் கான்கிரீட்டும் கொட்டித் தரைமட்டமாக நிரப்புங்கள். கொதிகலன் பக்கத்துக் கால்வாயும் அப்படியே.

சிலிண்டர்கள் உள்ளே வரவே கூடாது என்பது என் நிபந்தனை. வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான கம்பிவலைக் கூண்டில், நிழலில், நிமிர்த்தி வைத்துப் பூட்டுங்கள். எண்ணிக்கையிலும் கண் வையுங்கள். எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-இன்படி 100 கிலோ வரையிலான எல்.பி.ஜி. இருப்புக்குத்தான் உரிமம் வேண்டாம். வணிகச் சிலிண்டர் ஒன்று 19 கிலோ. வண்டிக்கு இணைப்பில் ஒன்று, மாற்றுக்கு ஒன்று என்றால் மூன்று வண்டி சேர்ந்தாலே 114 கிலோ ஆகிவிடுகிறது.

கொட்டகையை ஒட்டிக் கீற்றுச் சாய்ப்பு இருந்தால் அதைப் பிரித்த பிறகுதான் வரைபடத்தைத் தொடுவேன். எங்கள் ஊரில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையல் இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதற்குப் பிறகும் அடுப்பையும் கீற்றையும் ஒரே வளாகத்தில் வைக்க யாராவது வாதாடினால் நான் அந்த வேலையை எடுத்துக்கொள்வதில்லை.

எந்த வகை?

கூரைத் தெளிப்பானிலிருந்து விழும் தண்ணீர் முதலில் சந்திப்பது வண்டியின் கூரையை. குடை பிடித்தவன் தலை நனையாததைப் போல, வண்டிக்குள் எரியும் தீ நனைவதில்லை. தீ உள்ளேயே வளர்ந்து, ஜன்னல் வழியாகவும் பலகை வழியாகவும் வெளியே வந்த பிறகுதான் தண்ணீரைச் சந்திக்கிறது. அதற்குள் மேலே எழும்பிய வெப்பம் பக்கத்துத் தெளிப்பான்களையும் திறந்துவிடுகிறது. கணக்கில் எடுத்ததைவிட அதிகத் தெளிப்பான்கள் திறந்தால் ஒவ்வொன்றிலும் அழுத்தம் சரிந்து, எதிலுமே போதிய தண்ணீர் வராது. எனவே இந்த வண்டிகளைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, எத்தனை சதுர மீட்டருக்குச் சேர்த்துக் கொடுக்க முடியும் என்பதே எனக்கு முதல் கேள்வி. ஒரே நேரத்தில் தெளிப்பான்கள் திறக்கும் என்று கணக்கில் எடுக்கும் பரப்புக்கு வடிவமைப்புப் பரப்பு என்று பெயர். சாதாரண அபாயத்தில் அது 139 சதுர மீட்டர். மிகை அபாயத்துக்கு 232. இந்த வேறுபாட்டுக்காகவே நான் பெரும்பாலும் மேல் வகைக்குப் போகிறேன்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. உட்புறம் முழுக்கத் தகடு, காப்புப்பொருள் எரியாதது, எண்ணெயும் சிலிண்டரும் இரவில் வெளியேற்றப்படுகின்றன, வண்டிகளுக்கு இடையே ஆள் தாராளமாக நடக்க இடம் இருக்கிறது, உள்ளே சமையல் இல்லை: இத்தனையும் பொருந்தினால் சாதாரண அபாயம் பிரிவு 2. இவற்றில் ஒன்று தவறினாலும், அதாவது நுரைக் காப்பு, ப்ளைவுட், வாணலியில் விட்ட எண்ணெய், நெருக்கியடித்து நிறுத்தம் என்று எது இருந்தாலும், மிகை அபாயம் பிரிவு 1. படுக்கை, திரைச்சீலை, மரப்பலகை அலமாரி எல்லாம் வைத்த சுற்றுலா வண்டியாக இருந்தால் மிகை அபாயம் பிரிவு 2-ஐ எடுத்துக்கொள்கிறேன். உட்புற வேலை முடிந்த, எரியக்கூடிய உள்ளமைப்பு கொண்ட நகரும் வீடுகளைக் கட்டும் தொழிற்கூடங்களை என்.எஃப்.பி.ஏ. 13 அந்த வகையில்தான் வைக்கிறது. நமக்கு மிக நெருங்கிய உதாரணம் அதுதான்.

எப்போதும் மிக நெருக்கமான இரவை மனத்தில் வைத்து வகையைக் குறியுங்கள். வேளாங்கண்ணித் திருவிழா, மழைக்கால இரவுகள் போன்ற நாட்களில் எட்டு வண்டிக்கான இடத்தில் பன்னிரண்டு நிற்கும். மூலையில் எண்ணெய் டின்களையும் அட்டைப்பெட்டிகளையும் அடுக்குவார்களா என்றும் கேளுங்கள். அடுக்கு உயரம் கூடக்கூட அது கிடங்குக் கணக்காகிவிடும். இந்த வகைகள் பொருந்தாமல் போகும்.

தண்ணீர்க் கணக்கு

18 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், இரு பக்கமும் சரிந்த தகரக் கூரை. நம் ஆலைக் கொட்டகைகளில் சாதாரணமாகக் காணும் அளவு. ஆறு அடிக்கு ஓர் அடி என்பதைவிடக் கூரைச் சரிவு அதிகமாக இருந்தால், வடிவமைப்புப் பரப்பை 30 விழுக்காடு கூட்ட வேண்டும். சரிந்த கூரையில் வெப்பம் மேல்நோக்கி ஓடி, தீயிலிருந்து தள்ளியிருக்கும் தெளிப்பான்களைத் திறந்துவிடும் என்பதால் இந்த விதி. தகரக் கூரை போட்ட ஆலைகளில் பெரும்பாலும் இது பொருந்தும்; பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சாதாரண அபாயம் பிரிவு 2-க்கு அடர்த்தி நிமிடத்துக்கு 8.1 மி.மீ. ஒரு மி.மீ. என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 139-ஐ 30 விழுக்காடு கூட்டினால் 181 சதுர மீட்டர். அதற்கு நிமிடத்துக்கு 1,466 லிட்டர். தீயணைப்பு வீரர்களின் குழலுக்கு 950 லிட்டர் சேர்த்தால் 2,416. ஒரு மணி நேரத்துக்கு 1.45 லட்சம் லிட்டர்.

மிகை அபாயம் பிரிவு 1-க்கு அடர்த்தி 12.2 மி.மீ.; பரப்பு 232-லிருந்து 302 ஆகிறது. நிமிடத்துக்கு 3,684 லிட்டர், குழலுக்கு 1,900; மொத்தம் 5,584. இந்த வகைக்கு நேரமும் ஒன்றரை மணி என்பதால் தொட்டி 5 லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. இவை குறைந்தபட்ச நேரங்கள். எச்சரிக்கை மணி எப்போதும் ஆள் இருக்கும் இடத்தில் ஒலித்தால் மட்டும் இவை போதும். இரவில் ஒரு காவலர் மட்டும், அவரும் வாசலுக்கு வெளியே என்றால் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று எடுங்கள்: 2.17 லட்சம், 6.7 லட்சம். குழாய் உராய்வுக்காகவும் தெளிப்பான்களுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டுக்காகவும் இதற்கு மேலும் கொஞ்சம் கூடும்.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் வகையைக் குறைக்கச் சொல்வார்கள். வகையைக் குறைக்காமல் தொட்டியைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது. கொட்டகையைத் தடுத்து, வண்டிகளுக்கென 18-க்கு 9 மீட்டரில் ஓர் அறை எழுப்புங்கள். கூரைவரை செங்கல் சுவர், தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு. தண்ணீர் தீரும் நேரம்வரை அந்தச் சுவர் தீயைத் தாங்க வேண்டும். அப்போது அறையின் 162 சதுர மீட்டரே கணக்குக்குப் போதும். நிமிடத்துக்கு 1,976, குழலோடு 3,876. ஒன்றரை மணிக்கு 3.49 லட்சம் லிட்டர். சுவரின் செலவு தொட்டியிலேயே திரும்பிவிடும்.

தெளிப்பான்களின் எண்ணிக்கையும் மாறும். சாதாரண அபாயத்தில் ஒரு தெளிப்பானுக்கு அதிகபட்சம் 12.1 சதுர மீட்டர். முழுக் கொட்டகைக்கு 45 போதும். மிகை அபாயத்தில் 9.3 சதுர மீட்டர்தான். மூன்று மீட்டருக்கு ஒன்று என 60 வேண்டும். தெளிப்பானின் துளை எவ்வளவு தண்ணீர் விடும் என்பதைக் கே எண் காட்டும்; எண் கூடினால் தண்ணீரும் கூடும். முன்னதற்குக் கே 80 தெளிப்பான், ஏறத்தாழ 1.5 பார் அழுத்தம். பின்னதற்குக் கே 115 போட்டால் 0.9 பார் போதும்; பம்பின் சுமை குறையும்.

தெளிப்பானைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் சிவப்பென்றால் 68 டிகிரியில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93. கடைகளில் எளிதாகக் கிடைப்பது சிவப்பு. அது கூரையடி வெப்பம் 38 டிகிரிக்கு மேல் போகாத இடத்துக்கு உரியது. நம் அக்னி நட்சத்திரத்தில் தகரத்துக்கு அடியில் நின்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளோ பச்சையோ கேட்டு வாங்குங்கள். குமிழின் தடிமனையும் பாருங்கள்: 3 மி.மீ. மெல்லிய குமிழ் விரைவாகத் திறக்கும் வகை. மிகை அபாயத்துக்கு இந்தக் கணக்கு முறையில் அதற்கு அனுமதியில்லை. 5 மி.மீ. குமிழ்தான் வேண்டும். தெளிப்பானுக்கும் வண்டியின் உச்சிக்கும் இடையே குறைந்தது 450 மி.மீ. வெற்றிடம் வேண்டும். புகைபோக்கியும் மேலே கட்டிய பெயர்ப்பலகையும் அந்த அளவில் சேரும்.

வண்டிக்குள் தனி ஏற்பாடு

கூரைத் தண்ணீர் வண்டிக்குள் போகாது என்று பார்த்தோம்; எரியும் எண்ணெயில் தண்ணீர் போகவும் கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கிய தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரி வீசும். அடுப்புக்கு மேல் ஈர வேதித் தெளிப்பு அமைப்பு ஒன்று தனியாக வேண்டும். பொட்டாசியம் உப்புக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து மேற்பரப்பைச் சோப்பு நுரையாக்கி மூடிவிடும். அது இயங்கும்போது எரிவாயுவும் தானாக அடைபட வேண்டும். இதைப் பொருத்த முடியாத சிறிய வண்டிக்கு, சமையல் எண்ணெய்த் தீக்கான எஃப் வகைத் தீயணைப்பான் ஒன்றை, அடுப்புக்கு மேலே வைக்காமல் வாசலருகே மாட்டுங்கள். கொட்டகைக்குள் சமைக்க நான் அனுமதி எழுதுவதில்லை. சமைக்க வேண்டுமென்றால் வண்டி வெளியே போய், கட்டடத்திலிருந்தும் அடுத்த வண்டியிலிருந்தும் மூன்று மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

திருமண மண்டபங்களின் தரைத்தளக் கார் நிறுத்தத்தில் சமையல் ஒப்பந்தக்காரரின் வண்டி நிற்பதும் இதே பிரச்சினைதான். முழுத் தளத்தையும் மாற்ற வேண்டாம். வெளிவாசலை ஒட்டி ஓர் இடத்தை அதற்கென ஒதுக்கி, அந்த இடத்தையும் அதைச் சுற்றி 4.6 மீட்டரையும் மேல் வகைக்குக் கணக்கிடுங்கள். வண்டியை அங்கே மட்டும் விடுங்கள்.

பம்ப் டீசலில் ஓட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து எத்தனை நாட்கள் இருளில் கிடந்தோம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலோரத்தில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாயின் உட்புறம் துருப்பிடித்துச் சுருங்கும். தொட்டியை முதலில் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். நமக்கு உறைபனி இல்லை என்பதால் குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும் ஈர அமைப்பே போதும்.

வேலை முடிந்ததும் பிரதான வால்வுக்குப் பக்கத்தில் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்துங்கள். அடர்த்தி, வடிவமைப்புப் பரப்பு, தேவையான நீரோட்டம், அழுத்தம், குழலுக்கான ஒதுக்கீடு, அபாய வகை ஆகியவற்றைப் பொறித்து, அதன் கீழே தமிழில் மூன்று வரி சேர்க்கச் சொல்வேன்: எத்தனை வண்டி, சிலிண்டர் உள்ளே இல்லை, உள்ளே சமையல் இல்லை. அதே மூன்று வரி வாடகை ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். கொட்டகை கைமாறி, புதிய குத்தகைதாரர் பதின்மூன்றாவது வண்டியை உள்ளே விட வரும்போது, கணக்கு போட்டவர் பக்கத்தில் இருக்க மாட்டார், தகடு இருக்கும்.